பிஎச்.டி. ஃபெல்லோஷிப்: பணம் ஒரு வாசலில், பயிற்சி இன்னொரு வாசலில் - கொல்கத்தாவிலிருந்து ஒரு கணக்கு

2025 ஜூன் பருவத்தின் யுஜிசி நெட் தேர்வை எழுதியவர்கள் 7,52,007 பேர். அவர்களில் மாத உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யும் தகுதி, அதாவது ஜேஆர்எஃப், 5,269 பேருக்குக் கிடைத்தது. ஆயிரம் பேர் எழுதினால் ஏழு பேர்.

இந்த எண் செய்திகளில் வந்துவிட்டது. பலர் கவனிக்காமல் விட்ட இன்னொரு எண்ணும் அதே முடிவில் இருக்கிறது. அதே தேர்வில் மேலும் 1,83,064 பேர் 'பிஎச்.டி. சேரத் தகுதி' பெற்றார்கள். இவர்களுக்கு இந்தத் தேர்வின் வழியாக ஒரு ரூபாய்கூட வராது. வகுத்துப் பாருங்கள்: உதவித்தொகை பெறும் ஒவ்வொருவருக்கும், உதவித்தொகை இல்லாமல் கதவு திறந்துவிடப்பட்டவர்கள் சுமார் 35 பேர்.

நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ எம்.ஏ. முடித்துவிட்டு, "கல்வித் துறையில ஆராய்ச்சி பண்ணலாமா?" என்று யோசித்துக்கொண்டிருந்தால், இந்த 35-க்கு 1 என்ற கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பணம் கிடைப்பது வேறு, ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொள்வது வேறு. நம் நாட்டில் இந்த இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு வாசல்கள் வழியாக வருகின்றன. இதைப் புரிந்துகொள்ள நல்ல இடம் கொல்கத்தா. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் பணக் கணக்கு: யாருக்கு எவ்வளவு?

'ஃபெல்லோஷிப்' என்ற ஒரே சொல்லுக்குள் பல விதமான தொகைகள் இருக்கின்றன.

யுஜிசி ஜேஆர்எஃப்: 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் முடிந்து, மதிப்பீட்டில் தேறினால் எஸ்ஆர்எஃப் ஆக உயர்ந்து 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து ஆண்டுகள். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி.

தேசிய ஃபெல்லோஷிப்கள்: பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 இடங்கள், பழங்குடி மாணவர்களுக்கு 750, ஓபிசி மாணவர்களுக்கு 1,000. தொகை ஜேஆர்எஃப் அளவில் இருக்கும். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் நிறுத்தப்பட்டதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது.

ஐசிஎஸ்எஸ்ஆர்: இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் தரும் முனைவர் பட்ட ஃபெல்லோஷிப். மாதம் 20,000 ரூபாய், கூடவே ஆண்டுக்கு 20,000 ரூபாய் செலவுத் தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு. ஏற்கெனவே பிஎச்.டி. பதிவு செய்தவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும்.

நெட் அல்லாத ஃபெல்லோஷிப்: மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஜேஆர்எஃப் இல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். மேற்கு வங்க அரசின் சுவாமி விவேகானந்தா உதவித்தொகைத் திட்டத்திலும் நெட் அல்லாத ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் அது அந்த மாநிலத்தவர்களுக்கு மட்டும்.

கடைசியில் சொன்ன 8,000-ஐ ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இந்தத் தொகை 2012-ல் நிர்ணயிக்கப்பட்டது. அப்போது ஜேஆர்எஃப் 16,000. அதாவது நெட் இல்லாதவருக்குச் சரியாகப் பாதி. அதன் பிறகு ஜேஆர்எஃப் 2014-ல் 25,000, 2019-ல் 31,000, 2023-ல் 37,000 என்று ஏறியது. 8,000 மட்டும் நகரவே இல்லை. பாதியாக இருந்தது இப்போது ஐந்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. 2015 அக்டோபரில் இதையும் நிறுத்த யுஜிசி முடிவு செய்தபோது டெல்லியில் மாணவர்கள் யுஜிசி அலுவலகத்துக்கு வெளியே முகாமிட்டுப் போராடினார்கள். திட்டம் பிழைத்தது. தொகை உயரவில்லை.

மாதாமாதம் பணம் எப்படி வருகிறது?

இது பலருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. யுஜிசி ஃபெல்லோஷிப் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் தானாக வராது. நீங்கள் படிக்கும் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் அதற்கான இணையதளத்தில் 'இவர் இந்த மாதம் ஆய்வில் இருக்கிறார்' என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு அலுவலர் பதிவேற்றுவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். இதில் ஒருவர் விடுப்பில் போனாலும் உங்கள் பணம் நிற்கும். "ஃபெல்லோஷிப் மூணு மாசமா வரலை" என்று ஆய்வாளர்கள் சொல்லும்போது தடை எப்போதும் டெல்லியில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில நேரம் அது உங்கள் வளாகத்தின் அடுத்த கட்டடத்திலேயே இருக்கும்.

கணக்கு இடிக்கும் இடம்: கள ஆய்வுச் செலவு

சமூக அறிவியல் ஆய்வாளருக்கு ஜேஆர்எஃப்போடு தரப்படும் செலவுத் தொகை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 20,500 ரூபாய். ஐந்தாண்டையும் கூட்டினால் 81,500 ரூபாய். புத்தகம், நகல், பயணம், ஆய்வேடு அச்சிடுவது எல்லாம் இதற்குள்தான்.

இப்போது ஒரு எளிய உதாரணம். கல்வி பற்றி ஆய்வு செய்யும் நீங்கள் 30 பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பள்ளிக்கும் மூன்று முறை போக வேண்டும். மொத்தம் 90 பயணங்கள். 81,500-ஐயும் பயணத்துக்கே செலவழித்தால்கூட ஒரு பயணத்துக்குச் சுமார் 905 ரூபாய். பேருந்து, சாப்பாடு, தேவைப்பட்டால் ஒரு இரவு தங்கும் செலவு, உள்ளூரில் உதவிக்கு வருபவருக்குக் கூலி எல்லாம் இதில் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு ஒரு பைசா மிஞ்சாது.

இதன் விளைவு என்ன? பல ஆய்வுகள் ஆய்வாளரின் ஊரைச் சுற்றியே நின்றுவிடுகின்றன. இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கும் அரசுத் தரவுகளை வைத்து அறையிலிருந்தே எழுதப்படுகின்றன. அது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதைக் கேள்வியின் முக்கியத்துவம் முடிவு செய்யாமல் பேருந்துக் கட்டணம் முடிவு செய்யும்போது, நமக்குக் கிடைக்கும் அறிவும் அந்த அளவுக்குச் சுருங்கிப் போகிறது.

சரி, கொல்கத்தாவுக்கு ஏன் போகிறோம்?

கல்விக் கொள்கைக்கும் அந்த நகரத்துக்கும் நூறாண்டு உறவு உண்டு. 1917-ல் அமைக்கப்பட்டு 1919-ல் அறிக்கை தந்த சாட்லர் கமிஷனின் அதிகாரபூர்வப் பெயரே கல்கத்தா பல்கலைக்கழகக் கமிஷன்தான். ஆனால் நாம் இங்கே பார்க்கப் போவது வேறு காரணத்துக்காக. ஒரு கல்வி ஆய்வாளருக்குத் தேவையான மூன்று பயிற்சிகளுக்கும் ஒவ்வொரு நல்ல உதாரணம் அங்கே இருக்கிறது. எண்ணைக் கையாளும் பயிற்சி, களத்துக்குப் போகும் பயிற்சி, கேள்வியை உருவாக்கும் பயிற்சி.

மூன்றையும் ஒரே ஒரு விஷயத்தை வைத்துப் பார்க்கலாம். அது மேற்கு வங்கத்தின் டியூஷன்.

பயிற்சி 1: எண்

கொல்கத்தாவின் வடக்கே பராநகரில் இருக்கிறது இந்தியப் புள்ளியியல் நிறுவனம், ஐஎஸ்ஐ. 1931-ல் பி.சி. மஹலனோபிஸ் தொடங்கியது. மாதிரிக் கணக்கெடுப்பு என்ற முறையை வங்கத்தின் சணல் வயல்களில் சோதித்துப் பார்த்தவர் அவர். 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, அதாவது என்எஸ்எஸ், அந்த அனுபவத்தின் மேல் கட்டப்பட்டது. இன்று நாம் 'இத்தனை சதவீதக் குழந்தைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள்' என்று எழுதும் பல வரிகளுக்குப் பின்னால் அந்த முறைதான் இருக்கிறது.

இப்போது டியூஷனுக்கு வருவோம். 2022-ம் ஆண்டின் ஏசர் அறிக்கையின்படி, கிராமப்புற மேற்கு வங்கத்தில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளில் சுமார் நான்கில் மூன்று பேர் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். நாடு முழுக்க அந்த விகிதம் சுமார் 30 சதவீதம்.

மத்திய அரசின் என்எஸ்எஸ் 2025-ல் நடத்திய கல்விக் கணக்கெடுப்போ, நாடு முழுக்க 27 சதவீத மாணவர்கள் தனியார் பயிற்சி எடுத்ததாகச் சொல்கிறது. 'அப்போ மூணு வருஷத்துல டியூஷன் குறைஞ்சிருச்சு' என்று தலைப்பு வைத்துவிடலாமா?

கூடாது. ஏசர் கிராமங்களை மட்டும் பார்க்கிறது. என்எஸ்எஸ் நகரத்தையும் சேர்க்கிறது. ஏசரின் இந்தக் கணக்கு 8-ம் வகுப்போடு நிற்கிறது. என்எஸ்எஸ் மேல்நிலை வரை போகிறது. கேட்ட கேள்வியும் ஒன்றல்ல. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். இதைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் பழக்கம்தான் எண் பயிற்சி. இரண்டு நாள் மென்பொருள் வகுப்பில் அது வராது. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்த எண் எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்டார்கள், யாரை விட்டார்கள்?' என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

பயிற்சி 2: களம்

1998-ல் நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென், அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு தொடங்கியது பிரதீச்சி அறக்கட்டளை. அதன் ஆய்வாளர்கள் 2001-02-ல் மேற்கு வங்கத்தின் தொடக்கப் பள்ளிகளையும், அரசு நடத்திய 'சிசு சிக்ஷா கேந்திரங்கள்' என்ற எளிய பள்ளிகளையும் நேரில் போய் ஆய்வு செய்தார்கள். பிறகு 2008-09-ல் திரும்பவும் போனார்கள்.

பள்ளிகளில் பல விஷயங்கள் மேம்பட்டிருந்தன. ஆனால் டியூஷன் கூடியிருந்தது. சாதாரணத் தொடக்கப் பள்ளிகளில் டியூஷனை நம்பியிருந்த குழந்தைகள் 57 சதவீதத்திலிருந்து 64 ஆகவும், சிசு சிக்ஷா கேந்திரங்களில் 24-லிருந்து 58 ஆகவும் உயர்ந்திருந்தார்கள். ஏழைக் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகளில்தான் உயர்வு மிக வேகமாக இருந்தது. ஒரு முறை மட்டும் போய்விட்டு வந்திருந்தால் இந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது. திரும்பிப் போனதால்தான் பட்டது.

களப் பயிற்சியில் இன்னொரு பகுதி மொழி. நம் ஊரில் ஒரு தாயிடம் 'பையன் டியூஷன் போறானா?' என்று கேட்டால் பதில் வந்துவிடும். வங்காளத்தில் அன்றாடப் பேச்சில் 'பொர்த்தே ஜாய்' என்பார்கள். நேரடிப் பொருள் 'படிக்கப் போகிறான்'. ஆனால் பல இடங்களில் அதன் அர்த்தம் 'டியூஷனுக்குப் போகிறான்' என்பதுதான். பள்ளிக்குப் போவதைத் தனியாக 'இஸ்குல்' என்று சொல்வார்கள். இந்த வேறுபாடு தெரியாத ஒருவர் கேள்வித்தாள் தயாரித்தால், டியூஷன் போகும் குழந்தை பள்ளிக்குப் போவதாகவே பதிவாகும். பிறகு எவ்வளவு உயர்ந்த புள்ளியியல் முறையைப் போட்டாலும் அந்தத் தவறு அப்படியே இருக்கும்.

பயிற்சி 3: கேள்வி

தெற்கு கொல்கத்தாவின் பாடூலியில் இருக்கிறது சமூக அறிவியல் ஆய்வு மையம். 1973-ல் ஐசிஎஸ்எஸ்ஆர், மேற்கு வங்க அரசு இரண்டின் ஆதரவில் தொடங்கியது. முதல் இயக்குநர் வரலாற்றாசிரியர் பருண் தே. பல ஆண்டுகள் இது வரலாற்றாசிரியர் ஜதுநாத் சர்காரின் வீட்டில் இயங்கியது. இன்று அந்த வீட்டில் மையத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய வங்காளப் பத்திரிகைகளின் நகல்களை அங்கே பார்க்கலாம். 'விளிம்புநிலை வரலாறு' என்று நாம் தமிழில் சொல்லும் ஆய்வு மரபோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் பார்த்தா சட்டர்ஜி இங்கே இயக்குநராக இருந்தவர். நகரத்தின் கிழக்கே சால்ட் லேக்கில் 2002-ல் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் பொருளியல் அறிஞர் அமியா குமார் பாக்சி.

பொருளியல், வரலாறு, அரசியல், சமூகவியல் படித்தவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடுவதுதான் இப்படிப்பட்ட நிறுவனங்களின் பலம். டியூஷனையே எடுங்கள். பொருளியல் படித்தவர் 'குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது?' என்று கேட்பார். வரலாறு படித்தவர் '1980-களில் இடது முன்னணி அரசு தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நிறுத்தியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?' என்பார். அரசியல் படித்தவர் 'கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ம் பிரிவு ஆசிரியர்கள் டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறதே, பிறகு எப்படி நடக்கிறது?' என்பார். மூன்றையும் கேட்ட ஆய்வாளரின் கேள்வி, ஒன்றை மட்டும் கேட்டவரின் கேள்வியைவிடக் கூர்மையாக இருக்கும்.

எம்ஃபில் போனதில் என்ன போனது?

மேலே சொன்ன இரண்டு நிறுவனங்களும் எம்ஃபில் நடத்தியவை. சமூக அறிவியல் ஆய்வு மையத்தின் எம்ஃபில் பட்டத்தை ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும், வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் பட்டத்தைக் கல்கத்தா பல்கலைக்கழகமும் வழங்கின.

2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்ஃபில் வேண்டாம் என்றது. 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைகள் அதை நிறுத்தின. 2023 டிசம்பரில் 'எம்ஃபில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் அல்ல, சேராதீர்கள்' என்று யுஜிசி மாணவர்களை எச்சரித்தது.

நிறுத்தியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிஎச்.டி.க்கு முன் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் போகின்றன என்பது உண்மையான குறை. பல இடங்களில் எம்ஃபில் வெறும் சடங்காக இருந்ததும் உண்மை. ஆனால் நன்றாக நடந்த இடங்களில் அது ஒரு ஒத்திகையாக இருந்தது. வகுப்பு, விவாதம், சிறிய ஆய்வேடு. தவறு செய்தால் நூறு பக்கத்தில் தவறு செய்யலாம். ஐந்தாண்டு வீணாகாது. 'எனக்கு இது ஒத்து வருமா?' என்று தெரிந்துகொண்டு விலகவும் செய்யலாம். வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த மாணவருக்கு இந்த ஒத்திகை மிகவும் அவசியம். ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று அவருக்கு வீட்டில் சொல்லித்தர ஆளில்லை.

இப்போது அந்த வேலை முழுவதும் பிஎச்.டி.க்குள் இருக்கும் 'கோர்ஸ்வொர்க்' தலையில் விழுந்திருக்கிறது. விதிப்படி அது குறைந்தது 12 கிரெடிட். ஆய்வு முறை, ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 55 சதவீத மதிப்பெண் எடுத்தால் போதும். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர் முதுநிலை படிக்காமலே நேராகச் சேரவும் 2022 விதிகள் வழி செய்கின்றன. அதாவது, முன்பு முதுநிலை இரண்டு ஆண்டு, எம்ஃபில் இரண்டு ஆண்டு கடந்து வந்த இடத்துக்கு, இனி 21, 22 வயதில் ஒருவர் வந்து நிற்கலாம். அவருக்கு என்ன சொல்லித்தரப்படும் என்பது சேரும் நிறுவனத்தைப் பொறுத்தது.

இதெல்லாம் ஆய்வாளர்களின் பிரச்சினை. நமக்கென்ன?

2025 ஏப்ரல் 3-ம் தேதி மேற்கு வங்கத்தில் 25,753 ஆசிரியர், ஊழியர் நியமனங்கள் ரத்து செய்யப்பட்டதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2016-ம் ஆண்டின் தேர்வில் நடந்த முறைகேடு காரணம். பிறகு, முறைகேட்டில் தொடர்பில்லாத ஆசிரியர்கள் மாணவர்களின் நலன் கருதி 2025 டிசம்பர் 31 வரை தொடரலாம் என்று அனுமதித்தது.

25,753 என்ற எண்ணைச் செய்தியாளர்கள் எல்லோரும் எழுதினோம். ஆனால் ஒரு கிராமப் பள்ளியில் இருந்த ஒரே கணக்கு ஆசிரியர் போனால் 10-ம் வகுப்பு மாணவி என்ன செய்வாள்? டியூஷனுக்குப் போவாளா? அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? அண்ணனுக்கும் அவளுக்கும் இடையில் யாரைப் படிக்க வைப்பது என்று வீடு முடிவு செய்ய வேண்டி வருமா? இதற்கு நீதிமன்றத் தீர்ப்பில் பதில் இல்லை. ஒரு நாள் போய்வரும் செய்தியாளரிடமும் இல்லை. எண் தெரிந்து, மொழி தெரிந்து, திரும்பத் திரும்பப் போகக்கூடிய ஒருவர் இரண்டு, மூன்று ஆண்டுகள் செலவழித்தால்தான் பதில் கிடைக்கும். அந்த ஒருவரின் பெயர்தான் பிஎச்.டி. ஆய்வாளர். அவரிடம் பணமோ பயிற்சியோ இல்லாவிட்டால், அடுத்த கொள்கை அனுமானத்தில்தான் எழுதப்படும். அதன் பலனை அனுபவிக்கப் போவது அந்த மாணவி.

ஐசிஎஸ்எஸ்ஆர் தொடங்கப்பட்டபோதே இந்தத் தொடர்பு புரிந்திருந்தது. 1969-ல் அது உருவானபோது முதல் உறுப்பினர்-செயலராக வந்தவர் ஜே.பி. நாயக். 1964-66-ன் கோத்தாரி கல்விக் குழுவுக்கும் அவரே உறுப்பினர்-செயலர். கல்விக் கொள்கையும் சமூக ஆய்வும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன.

தமிழ்நாட்டு மாணவருக்கு என்ன வழி?

கொல்கத்தாவுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அதே வகையான நிறுவனம் சென்னை அடையாறில் இருக்கிறது. 1971-ல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய எம்ஐடிஎஸ், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்த ஆதிசேஷய்யா, இளமையில் கல்கத்தாவின் செயின்ட் பால்ஸ் கல்லூரியில் பொருளியல் ஆசிரியராக இருந்தவர். கல்விக் கொள்கைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்றால் டெல்லியில் நீபா இருக்கிறது. ஐசிஎஸ்எஸ்ஆர் ஆதரவு பெற்ற நிறுவனங்கள் வழியாகத் தரப்படும் 'நிறுவன ஃபெல்லோஷிப்' என்ற வகையும் உண்டு. தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தனித் தேர்வு நடக்கிறது.

ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். மொழிப் பாடங்கள் தவிர, நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ் வழியில் கல்வியியலோ சமூகவியலோ படித்தவர், அதே பாடத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளியைப் பற்றி உள்ளிருந்து தெரிந்தவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். தொடக்கத்திலேயே நிகழும் இந்த வடிகட்டலில் நாம் யாரை இழக்கிறோம் என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• கோர்ஸ்வொர்க்கை யார் நடத்துகிறார்கள்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? 'ஹாஜர் போட்டால் போதும்' என்ற பதில் வந்தால் யோசியுங்கள்.

• உங்கள் நெறியாளரிடம் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள்? விதிப்படி பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது.

• அவரிடம் கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள்? அவர்களிடம் நேரில் பேசுங்கள். இதைவிட நல்ல தரவு எங்கும் கிடைக்காது.

• ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவமும் கூடி உங்கள் முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும். அங்கே உண்மையில் கூடுகிறதா?

• ஃபெல்லோஷிப்பை மாதாமாதம் உறுதி செய்யும் அலுவலர் யார்? தாமதமானால் யாரிடம் போக வேண்டும்?

• கள ஆய்வுக்குத் தனி நிதி உண்டா? இல்லையென்றால் 81,500 ரூபாய்க்குள் முடியும் தலைப்பா உங்களுடையது?

• பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: ஆறு ஆண்டு வரம்புக்கு மேல் கூடுதலாக இரண்டு ஆண்டு சலுகை உண்டு. ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கும் இரண்டு ஆண்டு சலுகை பொருந்தும்.

• ஜேஆர்எஃப் இல்லாமல் 'பிஎச்.டி. மட்டும்' தகுதி பெற்றிருந்தால், அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். சேர்க்கையில் அதற்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. எனவே தள்ளிப்போடாதீர்கள். ஆனால் காலக்கெடு நெருங்குகிறது என்பதற்காகக் கிடைத்த இடத்தில் சேர்ந்துவிடவும் வேண்டாம்.

இந்தியாவில் பிஎச்.டி. படிப்பவர்கள் 2014-15-ல் 1.17 லட்சம். 2021-22-ல் 2.13 லட்சம். அதில் சுமார் 99 ஆயிரம் பேர் பெண்கள். ஏழு ஆண்டுகளில் 81 சதவீத உயர்வு, மகிழ்ச்சியான எண்தான். ஆனால் இந்த எண் சேர்ந்தவர்களைச் சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் மாதம் தவறாமல் பணம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த முறை நெட் முடிவு வரும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். விண்ணப்பம் போடுபவர் நீங்கள் என்றால், அந்தக் கேள்வியை முதலில் உங்கள் நெறியாளராகப் போகிறவரிடமே கேளுங்கள்.